பாதிக்குப் பாதி

1976 மே 17 அன்று, ஜோஹன்னஸ்பர்க் நகரத்தை ஒட்டிய கறுப்பினப் பேட்டையான சொவெட்டோவில், ஃபெஃபெனி என்ற பள்ளியின் பிள்ளைகள் வகுப்புக்குள் போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மீசை அரும்பாத வயதுக்காரர்கள்தான் பெரும்பாலும். அவர்கள் வாக்குரிமை கேட்கவில்லை. மண்டேலாவை விடுதலை செய்யச் சொல்லவில்லை. கணக்கை ஆளும் வெள்ளையரின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் நடத்த வேண்டாம் என்றார்கள். நடத்துகிற ஆசிரியருக்கே அந்த மொழி சரியாக வராது, எங்களுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை, இப்படியே போனால் ஆண்டுத் தேர்வில் தவறிவிடுவோம் என்றார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூன் 16 அன்று, அந்தப் பேட்டையின் தெருக்களில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் சீருடையோடு நடந்தார்கள், போலீஸ் சுட்டது. உலகம் அதற்குப் பிறகுதான் சொவெட்டோ என்ற பெயரைக் கற்றுக்கொண்டது.

அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் திரட்டினால் ஒரு நூலகமே நிறையும். தேசத்தின் விழிப்பு, இளைஞர் எழுச்சி, கறுப்பினத்தின் தன்மானம் என்று பலரும் பல பெயர் வைத்தார்கள். எல்லாமே பொருந்தும். ஆனால் தேர்வில் தவறிவிடுவோமே என்ற அந்த முதல் கவலையை மட்டும், கல்யாண வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரரைப் போல, எல்லோருமாக ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அவரோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

நம் சிறுபத்திரிகை உலகத்துக்குத் தேர்வு என்றாலே ஓர் ஒவ்வாமை உண்டு. மதிப்பெண்ணுக்குப் படிக்கிற பிள்ளை சுயசிந்தனை அற்றவன், அரசியல் அற்றவன், நடுத்தர வர்க்கத்து அற்பன் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். மாணவர் போராட்டம் என்று வந்தால் அதில் உயர்ந்த இலட்சியம் இருந்தே ஆக வேண்டும். வேலை, மார்க், இடம் என்ற பேச்சு கலந்துவிட்டால் அது தீட்டுப்பட்டுவிடுகிறது. சொவெட்டோவின் கதை இந்தப் பழக்கத்துக்கு எதிரானது.

அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1953இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் பாண்டு கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு மாகாணங்களிடமிருந்தும் கிறித்தவ மிஷன்களிடமிருந்தும் பிடுங்கப்பட்டு, பூர்வகுடி விவகாரத் துறையின் கைக்குப் போனது. அந்தத் துறையின் அமைச்சர் வெர்வூர்ட், முன்னாள் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் தன் நோக்கத்தை மறைத்தவர் இல்லை. வெள்ளையர் சமூகத்தில் சில வகை உடலுழைப்புக்கு மேல் கறுப்பருக்கு இடம் கிடையாது, கிடைக்காத இடத்துக்கு ஆசைகாட்டும் படிப்பு எதற்கு என்று செனட்டிலேயே விளக்கினார். மண்டேலா படித்த ஹீல்ட்டவுன், விடுதலைப் போராட்டத் தலைவர் லூத்துலி கற்பித்த ஆடம்ஸ் கல்லூரி, மண்டேலாவின் தோழர் ஆலிவர் டாம்போ கணக்கு வாத்தியாராக இருந்த செயின்ட் பீட்டர்ஸ் போன்ற மிஷன் பள்ளிகள் ஒன்று அரசிடம் பணிந்தன அல்லது மூடப்பட்டன.

தமிழ் வாசகருக்கு 1953 என்ற ஆண்டு வேறொன்றையும் நினைவூட்டும். அதே ஆண்டில்தான் சென்னை மாநிலத்தில் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் வகுப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாம் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ராஜாஜி இனச் சட்டம் எதுவும் எழுதவில்லை. இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டு கூடுதலான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அவர் பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அங்கே சட்டம் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. இருந்தாலும், பிள்ளை எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டின் வேலைக்கு ஏற்ற படிப்பு போதும் என்ற எண்ணத்தைக் கேட்டவுடன் ஒரு தமிழர் எழுந்து நிற்பதற்கு, தென்னாப்பிரிக்க வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு அப்போதே இருந்தது. சட்டத்துக்கு வழிவகுத்த அறிக்கையைக் கண்டித்ததற்காக எழுத்தாளர் எஸ்கியா ம்பஹ்லேலே ஆசிரியர் வேலையை இழந்தார். இந்தக் கல்வியை என் கையால் பரிமாற மாட்டேன் என்று ஓர் இளம் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பாதிரியார் படிப்புக்குப் போனார். அவர்தான் டெஸ்மண்ட் டூட்டு. 1955இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பள்ளிப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. சில இடங்களில் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தார்கள். பதிவு செய்யாமல் பள்ளி நடத்துவது குற்றம் என்பதால் கரும்பலகை கூட வைக்க முடியாமல், கலாச்சார மன்றம் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். புறக்கணிப்பு சில மாதங்களில் ஓய்ந்தது. மட்டமான பள்ளி, பள்ளியே இல்லாததைவிட மேல் என்று ஏழைகள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைக் கோழைத்தனம் என்று சொல்வோரும் உண்டு. பின்னால் நடந்ததைப் பார்த்தால், அவர்கள் போட்டது சரியான கணக்கு.

ஏனென்றால் வெர்வூர்ட்டின் பள்ளிகள் மட்டமாக இருந்தாலும் ஏராளமாக இருந்தன. மிஷன் பள்ளிகள் தரமானவை, ஆனால் சிலருக்கானவை. புதிய ஏற்பாட்டில், வீட்டு வேலைக்காரியின் மகளும் சுரங்கக் கூலியின் மகனும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். 1975-76 கணக்குப்படி, அரசு ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவழித்தது. ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 42 ராண்ட். அந்த 42 ராண்டில் தரமான கல்வி கிடைக்காதுதான். ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து, ஒரே பாடத்தைப் படித்து, ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதும் ஒரு பெரிய ஏற்பாடு உருவாகிவிட்டது.

வினாத்தாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏழைப் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திக்கிற சமத்துவம் அதுதான் என்று நினைக்கிறேன். தெருவில் சமத்துவம் இல்லை, கடையில் இல்லை, ரயில் பெட்டியில் இல்லை. தேர்வு அறையில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், பெயருக்குப் பதிலாக ஓர் எண். நடைமுறையில் அது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் இன்னார் மகன் என்பதைத் தாண்டி ஒருவனை அளக்க முடியும் என்ற எண்ணத்தை, எந்தக் குடிமையியல் பாடமும் சொல்லித் தராத அளவுக்கு அழுத்தமாக அந்த அறை சொல்லித் தருகிறது. அப்படிக் கற்ற பிள்ளைக்கு, தராசில் யாரோ கை வைக்கும்போது உடனே தெரிந்துவிடும். அநீதி என்ற பெரிய சொல்லுக்கு அவன் காத்திருக்க மாட்டான். ‘இது கள்ளாட்டம்’ என்பான்.

சொவெட்டோவில் தராசில் வைத்த கைக்குப் பாதிக்குப் பாதி என்று பெயர். பாதிப் பாடங்கள் ஆங்கிலத்தில், பாதி ஆஃப்ரிக்கான்ஸில். காகிதத்தில் இது பழைய விதிதான். விலக்குக் கேட்ட பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1974இல் வந்த சுற்றறிக்கை அந்த விலக்குகளுக்கு முடிவு கட்டியது. அறிவியலும் செயல்முறைப் பாடங்களும் ஆங்கிலத்தில். கணக்கும் சமூக அறிவியலும் ஆஃப்ரிக்கான்ஸில். சமயமும் பாட்டும் உடற்பயிற்சியும் மட்டும் தாய்மொழியில். யாரைக் கேட்டு இதை முடிவு செய்தீர்கள் என்ற கேள்விக்கு, கறுப்பர்களைக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை என்று துணை அமைச்சர் வெளிப்படையாகவே பதில் சொன்னார். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி இல்லை. அது நகரத்து வேலையின் மொழி, பக்கத்து நாடுகளின் மொழி, பத்திரிகை மொழி. ஆஃப்ரிக்கான்ஸோ போலீஸ்காரரின் மொழி, கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகமான பாஸைக் காட்டச் சொல்கிறவரின் மொழி. பெரும்பாலான ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவர்கள். முந்தின நாள் இரவு அகராதியைப் புரட்டிவிட்டு மறுநாள் வகுப்பில் இயற்கணிதம் நடத்தும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. வரலாற்றாசிரியர்கள் இதை அடிக்குறிப்பில் போட்டுவிடுவார்கள். பள்ளிப் படிப்பை 13 ஆண்டிலிருந்து 12 ஆண்டாகக் குறைத்தார்கள். அதனால் 1976 தொடக்கத்தில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக முதல் ஃபாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். (நம் தாத்தாக்கள் சொன்ன அதே ஃபாரம்தான்.) அறைகள் கூடவில்லை, ஆசிரியர்கள் கூடவில்லை. முட்டி மோதிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கணக்கு புது மொழியில் வந்தது. ஃபெஃபெனியில் நின்றவர்கள் அவர்கள்தான்.

பெரியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெற்றோர் இடம்பெற்ற பள்ளிக் குழுக்கள் மனுக் கொடுத்தன. மெடோலாண்ட்ஸ் குழு ஆங்கிலத்திலேயே நடத்துங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னது. அதன் உறுப்பினர் இருவரை அரசு நீக்கியது, மற்றவர்கள் விலகினார்கள். மே மாதம், அப்போது ஜோஹன்னஸ்பர்க் தேவாலயத்தில் டீன் ஆகிவிட்டிருந்த டூட்டு, பிரதமர் ஃபோர்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார்: மக்கள் பொறுமை இழந்துவிட்டார்கள், இரத்தம் சிந்தும் நாள் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன் என்பது அதன் சாரம். கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. குடிமக்கள் செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி பெற்றோர் செய்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடநூலைவிட இது பெரிய பாடம்.

இந்தத் தேர்வுக் கவலைக்கும் அது அரசியலாக மாறியதற்கும் இடையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரைச் சொல்வதற்கு முன் பல்கலைக்கழகங்களைச் சொல்ல வேண்டும். 1959இல் உயர்கல்வியையும் இனவாரியாகப் பிரித்தார்கள். வடக்கே டர்ஃப்லூப்பில் சோத்தோ, சுவானா முதலிய இனங்களுக்கு, ங்கோயேவில் ஜுலுக்களுக்கு, டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கொட்டகைகளில் இந்தியர்களுக்கு. ஒவ்வோர் இனமும் தன் அடையாளத்தோடு தனியே வளரட்டும் என்பது திட்டம். நடந்தது நேர்மாறு. தனித்தனிப் பட்டிகளில் அடைக்கப்பட்டவர்கள், தங்களுக்குப் பொதுவாக இருப்பது வேலிதான் என்று கண்டுகொண்டார்கள். 1969இல் டர்ஃப்லூப்பில் தொடங்கிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்புக்கு ஸ்டீவ் பிகோ முதல் தலைவர். வெள்ளையர் அல்லாதவர் என்று சட்டம் எதிர்மறையாகக் குறித்த எல்லோரையும், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என்ற பேதமில்லாமல், கறுப்பர் என்று அந்த அமைப்பு அழைத்தது. சாலிஸ்பரி தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஸ்ட்ரினி மூட்லி அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர்; பிறகு ராபன் தீவில் சிறையிருந்தார். மூட்லி என்ற பெயருக்குள் ஒரு முதலி இருப்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த ஒருவர், சாதிப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டே, தன்னைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டார். இனவாரிப் பல்கலைக்கழகம் உண்டாக்க நினைத்த அடையாளம் இது இல்லை.

நான் சொன்ன ஆசிரியர் ஒங்கோபோட்சே டிரோ. 1972 ஏப்ரலில் டர்ஃப்லூப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேசினார். பாண்டு கல்வியைக் கண்டித்தார். பட்டம் வாங்கும் பிள்ளையைப் பார்க்க வந்த எங்கள் பெற்றோர் வெளியே நிற்கிறார்கள், அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெள்ளையர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த மேடையிலேயே சுட்டிக்காட்டினார். பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புப் புறக்கணிப்பு மூண்டது. வெளியேற்றப்பட்டவரை, சொவெட்டோவின் மாரிஸ் ஐசக்சன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் லெக்காவ் மத்தபாத்தே அழைத்து வரலாறு நடத்தச் சொன்னார். அரசின் நெருக்கடியில் டிரோ சில மாதங்கள்தான் அங்கே தாக்குப்பிடித்தார். பிறகு போட்ஸ்வானாவுக்குத் தப்பினார். 1974 பிப்ரவரி முதல் தேதி, தபாலில் வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது குண்டு வெடித்து இறந்தார். வயது 28.

அவர் வகுப்பில் இருந்த பையன்களில் ஒருவன் ட்சியட்சி மஷினினி. பள்ளி விவாத மன்றத்தின் தலைவன். அந்த வகுப்பில் டிரோ என்ன நடத்தினார் என்று ஆராய்ச்சியாளர்கள் துருவிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அரசு கொடுத்த பாடநூல் மேசையில் இருக்க, அதை நம்பாத ஒருவர் அதன் முன் நிற்கிறார் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பாடத்திட்டத்தை எழுதும் அமைச்சர்களும் சரி, அதை எதிர்க்கும் அறிவாளிகளும் சரி, பாடநூலுக்கு மிகுந்த சக்தி இருப்பதாக நம்புகிறார்கள். வெர்வூர்ட்டின் பாடநூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் வெர்வூர்ட்டின் ஏற்பாட்டை உலுக்கியது.

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, ஆர்லாண்டோவில் ஒரு சமூகக் கூடத்தில் மாணவர்கள் கூடினார்கள். புதன்கிழமை ஊர்வலம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பேர் கொண்ட செயற்குழு அமைந்தது. பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். எந்தப் பள்ளி எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தத் தெரு வழியாக வருவது, எங்கே சேருவது என்று நேர அட்டவணை போட்டார்கள். அட்டவணையும் வரிசையும் வகுப்புத் தலைவனும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவை. காலையில் இறைவணக்கத்துக்கு நிற்கிற பழக்கம் இருந்ததால்தான் கூட்டத்தைக் கிளப்ப முடிந்தது. ஆஃப்ரிக்கான்ஸ் ஒழிக என்று அட்டைகளில் எழுதினார்கள். நாங்கள் அந்த மொழியைப் படிக்க வேண்டுமென்றால் ஃபோர்ஸ்டர் ஜுலு படிக்கட்டும் என்று ஓர் அட்டை. போலீஸைச் சீண்டாதீர்கள், அமைதியாக இருங்கள் என்று மஷினினி கூட்டத்திடம் சொன்னார்.

ஆர்லாண்டோ வெஸ்டில் துப்பாக்கிகள் வெடித்தன. 15 வயது ஹேஸ்டிங்ஸ் ந்ட்லோவுவும் 12 வயது ஹெக்டர் பீட்டர்சனும் முதலில் விழுந்தவர்களில் இருவர். பீட்டர்சனை ஓர் இளைஞன் தூக்கிக்கொண்டு ஓட, அக்காள் கூடவே அழுதுகொண்டு ஓடும் படத்தைச் சாம் ந்ஜிமா எடுத்தார்; தி வேர்ல்டு நாளிதழ் வெளியிட்டது. அன்று இறந்தவர்கள் 23 பேர் என்றது அரசு. அடுத்த பல மாதங்களில் நாடு முழுக்க நடந்த சாவுகளை அரசே அமைத்த சிலியே ஆணையம் 575 என்று கணக்கிட்டது.

அந்த நாளின் இன்னொரு சாவையும் சொல்லாமல் விட மனமில்லை. மெல்வில் எடல்ஸ்டீன் என்ற வெள்ளைச் சமூகவியலாளர் சொவெட்டோவில் நலப்பணி அலுவலராக இருந்தார். பேட்டையின் பள்ளி இறுதி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டவர். நாட்டில் அந்தப் பிள்ளைகளின் மனத்தைத் தெரிந்துகொள்ள முயன்ற மிகச் சில வெள்ளையர்களில் ஒருவர். சுட்ட செய்தி பரவிய பிறகு அவர் கூட்டத்தின் கையில் அகப்பட்டார், அடித்துக் கொன்றார்கள். போராட்டத்தைக் கொண்டாடும் கட்டுரைகள் பல அவரை விட்டுவிடும். விடக் கூடாது.

ஜூலை முதல் வாரத்தில் அரசு ஆஃப்ரிக்கான்ஸ் கட்டாயத்தைக் கைவிட்டது. தேர்வுப் பிரச்சினை மட்டும் என்றால் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தேர்வில் தொடங்கி அதைத் தாண்டிப் போகும் இந்த வடிவம் நமக்குத் தெரிந்ததுதான். 1965 ஜனவரி 26 முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆகவிருந்த நிலையில், முந்தின நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது, மாநிலம் முழுக்கத் தீ பரவியது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி 11 இரவு வானொலியில் பேசிய சாஸ்திரி தந்த உறுதிமொழிகளில் ஒன்று, அகில இந்தியப் பணித் தேர்வு ஆங்கிலத்திலும் தொடர்ந்து நடக்கும் என்பது. கோபத்தின் மையத்தில் ஒரு வினாத்தாள் இருந்தது என்று பிரதமருக்கே தெரிந்திருந்தது. இந்தப் போராட்டத்தை வேலைக்காகப் போட்ட கூச்சல் என்று வட இந்தியப் பத்திரிகைகள் ஏளனம் செய்தபோது, இல்லை இல்லை, மொழிப்பற்று மட்டுமே என்று நம்மவர்கள் மறுத்தார்கள். ஏன் மறுக்க வேண்டும்? இன்னொருவனின் தாய்மொழியில் தேர்வு எழுதி அவனோடு போட்டியிடு என்றால் அது கள்ளாட்டம் என்று சொன்னவன் மொழிப்பற்றுக்குக் குறைந்த எதையும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அந்த மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார்.

சொவெட்டோவுக்குத் திரும்பினால், ஜூலைக்குப் பிந்தைய மாதங்கள்தான் எனக்கு முக்கியம். அதுவரை அது பள்ளிப் பிள்ளைகளின் கோபம். தேர்வு எழுதுகிறவர்களின் நியாயத்துக்கு ஓர் எல்லை உண்டு: தேர்வே எழுதாதவர்கள் அதற்குள் வர மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் மூன்று நாள் வேலைக்குப் போகாதீர்கள் என்று மாணவர்கள் பெற்றோருக்கு அழைப்பு விடுத்தார்கள். பேட்டையின் குடும்பங்கள் கேட்டன. ம்ஜிம்ஹ்லோப்பே விடுதியில் இருந்த ஜுலுத் தொழிலாளர்கள் கேட்கவில்லை. அவர்களின் மனைவி மக்கள் தொலைதூரக் கிராமங்களில். ஒரு நாள் கூலி போனால் அங்கே அடுப்பு எரியாது. அவர்களிடம் போய் எந்த மாணவனும் எதையும் விளக்கியிருக்கவில்லை. வேலைக்குப் போனவர்களைப் பிள்ளைகள் மறித்தார்கள், தாக்கினார்கள். விடுதிக்காரர்கள் திருப்பித் தாக்கினார்கள். பேட்டை வீடுகளுக்குள் புகுந்து வெட்டினார்கள். போலீஸே தூண்டிவிட்டதாகப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தூண்டுவதற்கு ஒரு பிளவு ஏற்கெனவே இருந்தது. சீருடை போட்டவனுக்கும் போடாதவனுக்கும் இடையிலான பிளவு அது.

மாணவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் வியப்பு. செப்டம்பரில் அடுத்த அழைப்பு விடுக்கும் முன் விடுதிக்காரர்களுக்கென்றே துண்டறிக்கை எழுதினார்கள், உங்களை எதிரியாக நினைக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த முறை விடுதியிலிருந்தும் பலர் வேலைக்குப் போகவில்லை. மறு ஆண்டு, பேட்டையை நடத்திய நிர்வாக வாரியம் வீட்டு வாடகையை உயர்த்த முயன்றபோது, மாணவர்கள் அமைத்திருந்த பிரதிநிதி மன்றம்தான் எதிர்த்து நின்றது; உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது, அரசின் கைப்பாவையாக இருந்த நகர மன்றம் கலைந்தது. இயற்கணிதத்தில் தொடங்கியவர்கள் வீட்டு வாடகையில் வந்து நின்றார்கள். தன் மார்க்கைப் பற்றி மட்டும் பேசியவன், தான் எழுதாத தேர்வைப் பற்றியும் பேசக் கற்றுக்கொண்ட இடம் இது. பள்ளிக்கூடம் இதைக் கற்றுத் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் தொடங்காமல் இதற்கு வந்திருக்கவும் முடியாது.

விலை பெரியது. 1977 செப்டம்பரில் பிகோ காவலில் கொல்லப்பட்டார். அக்டோபர் 19 அன்று 18 அமைப்புகளுக்கும் தி வேர்ல்டு நாளிதழுக்கும் தடை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எல்லை தாண்டினார்கள். ஓடிவந்தவர்களுக்குத் துப்பாக்கி மட்டும் போதாது, படிப்பும் வேண்டும் என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் டான்சானியாவின் மசிம்புவில் ஒரு பள்ளியே கட்டியது. நாட்டுக்குள் தூக்கிலிடப்பட்ட இளைஞர் சாலமன் மஹ்லாங்குவின் பெயரைப் பிறகு அதற்கு வைத்தார்கள். மஷினினி நாடு திரும்பவே இல்லை. 1990இல் கினி நாட்டில் இறந்தார்.

80களில் இன்னொரு முழக்கம் எழுந்தது: முதலில் விடுதலை, படிப்பு பிறகு. பள்ளிகள் எரிந்தன, ஆண்டுக்கணக்கில் பாடம் நடக்கவில்லை. கேட்பதற்கு 1976இன் தொடர்ச்சி போல இருக்கும். எனக்கு அது நேர் எதிரானதாகத் தெரிகிறது. ஃபெஃபெனியின் பிள்ளைகள் படிப்பைக் கெடுக்காதே என்று வெளிநடப்பு செய்தவர்கள். இவர்கள் படிப்பையே ஒத்திவைத்தார்கள். இதைப் பெற்றோர்தான் முதலில் உணர்ந்தார்கள். 1985 டிசம்பரில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு, நிபந்தனைகளோடு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்தது. மக்கள் அதிகாரத்துக்கான மக்கள் கல்வி என்ற முழக்கம் அங்கே பிறந்தது. இழந்த தலைமுறை என்று பத்திரிகைகள் எழுதியதை அந்தப் பெற்றோர் ஏற்கவில்லை. ஆனாலும் பல ஆயிரம் பேர் எந்தச் சான்றிதழும் இல்லாமல்தான் 1994இன் சுதந்திரத்துக்குள் நுழைந்தார்கள். சுதந்திர நாட்டின் அலுவலகங்கள் அவர்களிடம் சான்றிதழைத்தான் கேட்டன.

2015இல் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில், ஒரு காலத்தில் வெர்வூர்ட் பேராசிரியராக இருந்த அதே இடத்தில், கறுப்பின மாணவர்கள் மறுபடி அதையே சொன்னார்கள்: விரிவுரை ஆஃப்ரிக்கான்ஸில் நடக்கிறது, எங்களுக்குப் புரியவில்லை. அந்த ஆண்டு வெர்வூர்ட்டின் நினைவுப் பலகை அங்கிருந்து அகற்றப்பட்டது. மொழிக்கொள்கை மாற மேலும் போராட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் சிலை விழுந்ததையும் கல்விக் கட்டணப் போராட்டத்தையும் உலகம் பார்த்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 2008இல் கேப் டவுன் அருகே கையெலிட்ஷாவில் தொடங்கிய சமக் கல்வி இயக்கம். அதன் உறுப்பினர்களில் பெரும் பகுதி பள்ளி மாணவர்கள். அவர்களின் முதல் போராட்டம் ஒரு பள்ளியின் 500 உடைந்த ஜன்னல்களைப் பற்றியது. குளிர்காலத்தில் காற்றும் மழையும் உள்ளே வருகிறது, படிக்க முடியவில்லை; கண்ணாடி போடுங்கள். போடவைத்தார்கள். அங்கிருந்து நூலகம், பிறகு கழிப்பறை, பிறகு நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமான அடிப்படை வசதி விதிகள் என்று நகர்ந்தார்கள். 2013 நவம்பரில் அமைச்சர் விதிகளை வெளியிட்டார். அவற்றில் இருந்த ஓட்டைகளைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 2018 ஜூலையில் பிஷோ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெறும் குழிக் கழிப்பறை இருக்கும் பள்ளிகளில் அதை மாற்றித் தர 2016 நவம்பர் வரைதான் கெடு. அந்தக் கெடுவை அரசு தவறவிட்டது. கெடு தவறியதை எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்களை அற்ப ஆசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.